பழைய பிக்கப்பின் தொட்டிக்கு எந்த மரத்தளம்? பைன், ஓக், ஆஷ், ஐப்பே: ஓர் ஒப்பீடு

பழைய அமெரிக்க பிக்கப் ஒன்றை வாங்கிச் செப்பனிடத் தொடங்கும் வாசகர்கள் எழுதிக் கேட்பவற்றில் அடிக்கடி வரும் கேள்வி இது: "பின்தொட்டியின் பலகையெல்லாம் மக்கிவிட்டது, எந்த மரம் போடலாம்?" கேட்பவர் பெரும்பாலும் பாதி முடிவை ஏற்கெனவே எடுத்திருப்பார். ஏதோ ஒரு கண்காட்சியில் பளபளக்கும் ஓக் தளத்தைப் பார்த்து மயங்கியிருப்பார். நம்மவர் என்றால் "தேக்கு கிடைக்காதா?" என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும்.

நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். வண்டி இரவில் எங்கே நிற்கிறது? தொட்டியில் என்ன ஏறப்போகிறது? இவற்றுக்கு விடை தெரிந்தால் மரம் ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். தெரியாமல் மரத்தை மட்டும் தேர்ந்தெடுப்பவர்கள், விலை உயர்ந்த பலகையைத் தவறான பூச்சோடு போட்டு மூன்றாம் ஆண்டில் மறுபடியும் கழற்றுகிறார்கள்.

முதலில், அந்தத் தளம் எப்படி அமைந்திருக்கிறது

எடுத்துக்காட்டாக 1947 முதல் 1953 வரையிலான ஷெவ்ரொலே 3100 வண்டியையே வைத்துக்கொள்வோம். தொட்டியின் தளம் சுமார் 78 அங்குல நீளம், 50 அங்குல அகலம். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் மேல் எஃகுக் குறுக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் நீளவாக்கில் முக்கால் அங்குலப் பலகைகள். பலகைகளின் விளிம்பில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்கப்பட்டிருக்கும். இரண்டு பலகைகள் சந்திக்கும் இடத்தில் அந்தக் காடியின் மேல் ஓர் எஃகுப் பட்டை அமரும். பட்டையிலுள்ள சதுரத் துளை வழியாகச் சதுரக் கழுத்து போல்ட் இறங்கி, பலகைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் நுழைந்து, குறுக்குச் சட்டத்தில் முடுக்கப்படும். அதாவது பலகை தன் போக்கில் விரிந்து சுருங்க இடம் வைத்து, மேலே பட்டையால் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். சரக்குப் பெட்டி மரத்தைக் கீறாமல் பட்டையின் மேல் வழுக்கிப் போகும். ஒரு பலகை போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். எளிமையான, கெட்டிக்காரத்தனமான அமைப்பு.

ஃபோர்டு 1951-இல் எஃகுத் தளத்திலிருந்து மரத்துக்கு மாறியது. ஷெவ்ரொலேயில் 1967 முதல் 1972 வரையிலான பக்கம் தட்டையான ஃப்ளீட்சைடு தொட்டிகளுக்குக்கூட மரத்தளமே வழக்கம். எஃகு கூடுதல் பணத்துக்குக் கிடைத்தது. மட்கார்டு வெளியே துருத்தி நிற்கும் ஸ்டெப்சைடு தொட்டிகளில் 1987 வரை மரம் நீடித்தது. ஆகவே உங்கள் வண்டியில் இருப்பது எஃகுத் தளம் என்றால், அது பின்னாளில் யாரோ போட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இன்று நாம் பார்க்கும் வார்னிஷ் பளபளப்புத் தொழிற்சாலையிலிருந்து வந்ததல்ல. பெரும்பாலான பலகைகள் பெயின்ட் பூசப்பட்டே வெளிவந்தன. ஆண்டையும் மாடலையும் பொறுத்து அது கருப்பாகவோ வண்டியின் நிறமாகவோ இருந்தது. அவை வேலை செய்யும் வண்டிகள். தொட்டியை வரவேற்பறையாக்கியது பிற்காலத்துச் சேகரிப்பாளர்கள்.

எதை வைத்து எடைபோடுவது

நீர் தாங்கும் திறன் முதலில். பிறகு அடி தாங்கும் கடினம், அகலத்தில் விரிந்து சுருங்கும் அளவு, எடை, பூச்சு ஒட்டும் தன்மை, கிடைக்கும் வசதி. விலையைக் கடைசியில் வைக்கிறேன். மேற்சொன்ன தளத்துக்குச் சுமார் 27 சதுர அடி பலகைதான் தேவை. இழைப்புக் கழிவையும் சேர்த்து மரவாடியில் 35 சதுர அடி வாங்கினால் போதும். இவ்வளவு சிறிய பரப்பில் மரத்துக்கு மரம் உள்ள விலை வித்தியாசம், பட்டை, போல்ட், பூச்சு, உங்கள் உழைப்பு ஆகியவற்றுக்கு முன்னால் பெரிதாகத் தெரியாது. ஐப்பே, தேக்கு இரண்டு மட்டும் விதிவிலக்கு.

கீழே உள்ள கடினம், ஜாங்கா சோதனைப்படி ஓர் எஃகுக் குண்டைப் பலகைக்குள் பாதி அமுக்கத் தேவைப்படும் விசை, பவுண்டு கணக்கில். எடை, மேலே சொன்ன 3100 தளம் முழுவதற்குமானது. இரண்டுமே தோராயம்.

| மரம் | கடினம் | தளத்தின் எடை | நீர் தாங்குதல் | ஏற்ற பூச்சு |
|---|---|---|---|---|
| தென்பகுதி மஞ்சள் பைன் | 690–870 | 27–31 கிலோ | சுமார் | பெயின்ட் |
| சிவப்பு ஓக் | 1290 | 34 கிலோ | குறைவு | வார்னிஷ், கூரைக்கு அடியில் மட்டும் |
| வெள்ளை ஓக் | 1350 | 36 கிலோ | நன்று | வார்னிஷ், எண்ணெய் |
| ஆஷ் | 1320 | 32 கிலோ | மிகக் குறைவு | வார்னிஷ் |
| தேக்கு | 1070 | 31 கிலோ | மிக நன்று | எண்ணெய் |
| ஐப்பே | 3500 | 53 கிலோ | மிக நன்று | எண்ணெய் |

மஞ்சள் பைன்

தொழிற்சாலைகள் பெருமளவில் பயன்படுத்திய மரம் இது. மரவாடியில் "பைன்" என்று கேட்டால் வெள்ளை பைனையும் எடுத்துக் கொடுப்பார்கள்; அது நகம் பட்டாலே பள்ளம் விழும் மரம். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் விளையும் மஞ்சள் பைன் வேறு: பிசின் கலந்து இருக்கும், விலை குறைவு, பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். கண்ணுக்குத்தான் அழகில்லை. பெயின்ட் அடித்த பிறகு யார் பார்க்கப்போகிறார்கள்?

மறைந்திருக்கும் செலவு முடிச்சுகளில் இருக்கிறது. முடிச்சு இல்லாத நேர்ப் பலகைக்காக இரண்டு மடங்கு புரட்டிப் பார்க்க வேண்டும். விட்ட முடிச்சுகளிலிருந்து பிசின் கசிந்து பெயின்டின் மேல் மஞ்சளாகப் படியும். முதல் பூச்சுக்கு முன் முடிச்சுகளை அரக்குக் கரைசலால் மூடினால் கசிவு வெகுவாகக் குறையும்.

மருந்து ஏற்றிய பைன், அதாவது வீட்டுத் தாழ்வாரங்களுக்குப் போடும் பச்சை நிறப் பலகை, மக்காது என்பதற்காகப் பலரை ஈர்க்கிறது. அதற்குள் இருப்பது செம்புச் சேர்மம். சாதாரண எஃகு போல்ட்டையும் அலுமினியத்தையும் அது அரிக்கும். கடையிலிருந்து வரும்போது ஈரமாக இருப்பதால், பொருத்திய பிறகு சுருங்கிப் பட்டைக்கு அடியிலிருந்து விளிம்பு வெளியே எட்டிப்பார்க்கும். பல வாரம் உலர்த்திப் பொருத்தப் பொறுமையும் எவர்சில்வர் போல்ட்டும் உள்ளவர்களுக்கு மட்டும் இது சரி.

யாருக்கு ஏற்றது: விறகு, உரமூட்டை, மோட்டார் சைக்கிள் என்று உண்மையில் ஏற்றுபவர்களுக்கும், வண்டியைத் தொழிற்சாலைத் தோற்றத்துக்குத் திருப்ப நினைப்பவர்களுக்கும்.

சிவப்பு ஓக், வெள்ளை ஓக்

அதிகம் குழப்பம் நடக்கும் இடம் இது. இரண்டும் ஓக், கடினமும் ஏறக்குறைய ஒன்று, வார்னிஷ் ஏறினால் எளிதில் அடையாளம் தெரியாது. தண்ணீரின் முன்னால்தான் இரண்டும் பிரிகின்றன. சிவப்பு ஓக்கின் நுண்குழாய்கள் திறந்தே இருக்கும். ஒரு சிறு துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாயால் ஊதினால் குமிழி வரும். வெள்ளை ஓக்கின் வைரப் பகுதியில், அதாவது நடுவிலுள்ள முதிர்ந்த மரத்தில், இந்தக் குழாய்கள் இயற்கையாகவே அடைபட்டிருக்கும். சாராயப் பீப்பாய்களை வெள்ளை ஓக்கில் செய்வது இதனால்தான்.

ஆகவே பலகையின் வெட்டுமுனையில் பூச்சு சிறிது விட்டுப்போனாலும் சிவப்பு ஓக் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வார்னிஷுக்கு அடியில் முனையிலிருந்து கருமை பரவும். வெள்ளை ஓக் மன்னிக்கும் குணம் உள்ளது. எனினும் அதன் வெளிவட்ட வெளிறிய மரத்துக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது. வாங்கும்போது அந்தப் பகுதி இல்லாத பலகையாகப் பாருங்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு சிக்கல் இருக்கிறது. ஓக்கில் உள்ள துவர்ப்புப் பொருள் ஈரமான இரும்போடு சேர்ந்தால் நீலக் கருப்புக் கறை. போல்ட்டைச் சுற்றி, பட்டையின் ஓரத்தில், கோடுகோடாக அது தெரியும். எவர்சில்வர் பட்டையும் போல்ட்டும் வாங்க வேண்டும். இல்லையென்றால் எஃகுப் பட்டையின் அடிப்புறத்தையும் தவறாமல் பெயின்ட் அடிக்க வேண்டும். ஓக்கின் மறைந்திருக்கும் செலவு இதுதான். பலமுறை மரத்துக்குக் கொடுத்ததைவிட எவர்சில்வருக்குக் கொடுப்பதே அதிகமாகிவிடும். இரும்புப் பஞ்சால் ஓக்கைத் தேய்ப்பதும் கூடாது. துளித்துளியாக உதிரும் இரும்புத் தூள் முதல் மழையிலேயே கரும்புள்ளிகளாகிவிடும்.

யாருக்கு ஏற்றது: முடிவெடுக்கவே முடியவில்லை என்பவருக்கு வெள்ளை ஓக். மழையே பார்க்காத கண்காட்சி வண்டிக்குச் சிவப்பு ஓக்கும் போதும். வார இறுதியில் ஓடி, எப்போதாவது மழையில் மாட்டி, இரவில் கூரைக்குள் திரும்பும் வண்டிதான் உங்களுடையது என்றால் வெள்ளை ஓக்கைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை.

ஆஷ்

வெளிர் நிறம், நேரான இழை, இழைப்பதற்குச் சுகம். கடினத்தில் ஓக்குக்குச் சமம், எடை கொஞ்சம் குறைவு. சாயம் ஏற்றினால் அழகாக ஏறும். பலவீனம், ஈரத்தில் சீக்கிரம் மக்குவது. ஆசியாவிலிருந்து வந்த, மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று 2002-இல் டெட்ராய்ட் பக்கத்தில் கண்டறியப்பட்டது. பிக்கப்புகள் பிறந்த ஊரில் தொடங்கி அது வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது. பட்டுப்போகும் மரங்களை வெட்டுவதால் சில வட்டாரங்களில் ஆஷ் மலிவாகக் கிடைக்கலாம். இனி எப்போதும் அப்படிக் கிடைக்கும் என்று எண்ண முடியாது. உட்புறத்தில் நிற்கும் வண்டி என்றால் தாராளமாகப் போடுங்கள். வெளியில் நிற்பது என்றால் வேண்டாம்.

தேக்கும் ஐப்பேயும்

தேக்கின் மேல் நமக்குள்ள பாசம் புரிகிறது. அது தண்ணீரைத் தாங்கும், நெளியாது, கப்பல் தளங்களுக்குப் போட்டவர்கள் முட்டாள்கள் அல்லர். ஆனால் கடினத்தில் ஓக்கைவிடக் குறைவு என்பதைப் பட்டியலில் பாருங்கள். இரும்புப் பெட்டியை இழுத்தால் தேக்கில் தடம் விழும். மரத்திலேயே எண்ணெய் இருப்பதால், வார்னிஷோ பசையோ ஒட்ட வேண்டுமானால் முன்னதாக அசிட்டோனால் துடைக்க வேண்டும். பர்மாத் தேக்கு என்று யாராவது விற்றால் ஆவணத்தைக் கேளுங்கள்: மியன்மார் அரசின் மர நிறுவனத்தின் மேல் அமெரிக்கா 2021 ஏப்ரலில் தடை விதித்தது. மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் வளர்த்த தேக்கு கிடைக்கிறது. அதில் வயது குறைந்த மரம் கலந்திருக்கலாம் என்பதால் வெளிறிய பகுதி எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஐப்பே தென் அமெரிக்க மரம். ஓக்கைப்போல இரண்டரை மடங்கு கடினம். வெயிலிலும் மழையிலும் பல பத்தாண்டு நிற்கும். விலையோ, நமது வட்டாரத்தில் சரக்கு இல்லாத பல மரவாடிகளோ மட்டும் இங்கே தடையில்லை. ரம்ப வாயையும் துளைக்கருவி முனையையும் அது மழுக்கிவிடும். அதன் தூள் கண்ணையும் மூச்சையும் உறுத்தும். பரப்பில் படலமாக நிற்கும் பூச்சுகள் அதன் மேல் சரியாகக் காயாமல் உரியும். 2024 நவம்பர் முதல் இதன் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்திருக்கிறது. வெட்டவெளியில் நின்று தினமும் வேலை செய்யும் வண்டி, பராமரிப்புக்கு நேரமில்லாத உரிமையாளர்: இந்தச் சேர்க்கைக்கு மட்டுமே நான் ஐப்பேயைச் சொல்வேன்.

பூச்சு: உண்மையான முடிவு இங்கேதான்

*பெயின்ட்.* புற ஊதாக் கதிரை மரம் வரை விடவே விடாது. கீறினால் தொட்டு அடித்துக்கொள்ளலாம். பராமரிப்பில் இதற்கு இணை இல்லை. வண்டி வெளியில் நின்றால் முதல் தேர்வு.

*வார்னிஷ்.* படகுகளுக்கான வகையை வாங்க வேண்டும். வீட்டுத் தரைக்கானது வெளியில் தாங்காது. நான்கைந்து பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே உப்புத்தாள். அழகு இதில்தான். வெயில் படலத்தை உள்ளிருந்து உடைக்கும். மேற்பரப்பு மங்கத் தொடங்கிய உடனே லேசாகத் தேய்த்து மேல் பூச்சுக் கொடுத்தால் பிழைக்கும். உரியும் வரை விட்டுவிட்டால் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும், அதற்குப் பட்டைகளையும் கழற்ற வேண்டும். வார்னிஷின் மறைந்த விலை அந்தக் கழற்றல்தான்.

*எண்ணெய்.* படலம் இல்லை, ஆகவே உரிவதில்லை. மங்கினால் துணியால் இன்னொரு கை. ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும். வெயில் கடுமையான ஊர்களில் இரண்டு முறை. ஆளிவிதை எண்ணெய் மட்டும் போட்டால் ஈரமான இடங்களில் பூஞ்சை கருமையாகப் படரும். ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டப்பாவில் வையுங்கள்.

எந்தப் பூச்சானாலும் பலகையின் ஆறு முகங்களிலும் ஏற வேண்டும். மேற்புறத்தை ஐந்து முறை பூசி, அடிப்புறத்தைப் பச்சையாக விட்டால், சக்கரம் இறைக்கும் தண்ணீரை அடிப்புறம் குடித்துப் பலகை குழிந்து வளையும். வெட்டுமுனைக்கும் துளையின் உட்சுவருக்கும் கூடுதலாக ஒரு பூச்சு.

தயாராக வாங்குவதா, மரவாடியிலிருந்து செய்வதா

ஓக்லஹோமா நகரின் மார்-கே போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கும் மாடலுக்கும் ஏற்பப் பலகையை வெட்டி, காடி எடுத்து, துளையிட்டு, பட்டையோடும் போல்ட்டோடும் அனுப்புகின்றன. வண்டி தொழிற்சாலை அளவில் இருந்தால் இது வேகமான வழி. உயரம் குறைத்து, பின் அச்சுக்காகச் சேஸிஸை வெட்டி உயர்த்திய வண்டியில் தளத்தையும் உயர்த்த வேண்டியிருக்கும். அங்கே தயார்ப் பலகை நேராக அமராது. முந்தைய உரிமையாளர் குறுக்குச் சட்டத்தை மாற்றி வைத்திருந்தாலும் துளைகள் பொருந்தா. வாங்குவதற்கு முன் தொட்டியின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். சமமில்லை என்றால் முதலில் தொட்டியை நிமிர்த்துங்கள்.

மேசை ரம்பமும் இழைப்பு இயந்திரமும் உள்ளவர், ஒரு அங்குலக் கரட்டுப் பலகை வாங்கி முக்காலுக்கு இழைத்துக்கொண்டால் பாதிப் பணம் மிஞ்சும். இல்லாதவர் அவற்றை வாங்கிச் செய்தால் மிஞ்சாது. எப்படியானாலும் பட்டையை மட்டும் வெளியில் வாங்குவதே புத்திசாலித்தனம்: சதுரத் துளைகளை நேர்கோட்டில் குத்துவது வீட்டுக் கொட்டகை வேலை அல்ல.

பொருத்தும்போது

பழைய பலகையை எறியாதீர்கள். எவ்வளவு மக்கியிருந்தாலும் அகலம், காடியின் ஆழம், சேஸிஸ் போல்ட் விழும் இடம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தரையில் வரிசைப்படி எண் போட்டு அடுக்கி அளவெடுங்கள். பலகையைத் தூக்கிய பிறகு குறுக்குச் சட்டங்கள் அரித்துப்போயிருப்பது பெரும்பாலும் தெரியவரும். பட்ஜெட்டில் இதற்கென்று ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள். உலோக வேலையும் பெயின்டும் முடியாமல் மரம் உள்ளே போகக்கூடாது.

புதிய பலகையை இடையில் குச்சி வைத்து அடுக்கி, இரண்டு வாரமாவது வண்டி நிற்கும் இடத்திலேயே விடுங்கள். 6 அங்குல அகலமுள்ள, தட்டையாக அறுத்த ஓக் பலகை, அதன் ஈரம் நான்கு சதவிகிதம் மாறினால் அகலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் மாறும். ஆரவாக்கில், அதாவது மரத்தின் மையத்திலிருந்து வெளிநோக்கி, அறுத்தது ஏறக்குறைய அதில் பாதிதான் மாறும். எட்டுப் பலகை என்றால் தளம் முழுவதும் சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேல். பலகைகளை ஒன்றோடு ஒன்று இறுக்கி அடித்தவர்களின் தளம் ஆடி மாதத்து ஈரத்தில் மேலே கூம்புவதற்கு இதுவே காரணம். பட்டைக்கு அடியில் இடைவெளி இருக்கட்டும். மேலிருந்து யாருக்கும் தெரியாது. காய்ந்த மரத்தைக் கோடையின் புழுக்கத்துக்கு முன் பொருத்துகிறீர்கள் என்றால் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். ஈரமான பருவத்தில் பொருத்தினால் அதைக் குறைக்கலாம்.

முதல் முறை பூச்சில்லாமல் எல்லாவற்றையும் அடுக்கிப் பாருங்கள். நடுப்பலகையையோ நடு இணைப்பையோ தொட்டியின் மையக் கோட்டில் வைத்து இரண்டு பக்கமும் விரியுங்கள். மிச்சமோ குறையோ ஓரப்பலகைகளில் சமமாகப் பிரிந்துவிடும். சேஸிஸோடு தொட்டியை இணைக்கும் போல்ட்டுகள் பலகையின் ஊடாகவே போவதால், அவற்றின் துளையைப் போல்ட்டைவிடப் பெரிதாகப் போட்டு அகலமான வாஷர் கொடுங்கள். பிறகு கழற்றி, பூச்சு முடித்து, முழுமையாகக் காய்ந்த பின் பொருத்துங்கள். நட்டுகளை ஒரே மூச்சில் முடுக்காமல், நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிப்படியாக முடுக்க வேண்டும். பட்டை மரத்தைத் தொட்டு அசையாமல் நின்றால் போதும். அதற்கு மேல் முடுக்கினால் பட்டை நடுவில் குழியும், அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். எவர்சில்வர் நட்டு எவர்சில்வர் போல்ட்டில் சிக்கி இறுகிக்கொள்ளும் பழக்கம் உள்ளது. மரையில் இறுகல் தடுப்பு மசகைத் தொட்டு, கையால் மெதுவாக முடுக்குங்கள்.

ஓராண்டு முடிந்ததும், எல்லாப் பருவங்களையும் பலகை பார்த்த பிறகு, ஒருமுறை அடியில் படுத்து நட்டுகளைச் சரிபாருங்கள். சில தளர்ந்திருக்கும். சேஸிஸ் போல்ட்டுகளையும் அதே தடவையில் பார்த்துவிடலாம்.